ஃபின்ச் ஆப்: பல் தேய்ச்சதுக்கும் டிக் போடலாம்

எதுலயும் மனசு ஒட்டாம கெடக்குற நாள்ல உங்களோட பெரிய லட்சியம் என்னன்னு கேக்குற ஆப்பெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. ஃபின்ச் அந்தக் கேள்விய கேக்கல, அதனாலதான் இன்னும் என் போன்ல இருக்கு. ஒரு முட்டை வரும், அது பொரிஞ்சு குட்டிக் குருவி ஒண்ணு வெளிய வரும், நீங்க அதுக்கு பேர் வெச்சுட்டு அன்னைக்கு செய்யப்போற வேலைகளை லிஸ்ட்ல போடணும். படுக்கைய விட்டு எந்திரிக்கிறது, தண்ணி குடிக்கிறது, பல் தேய்க்கிறது எல்லாமே கணக்குல வரும். ஒவ்வொண்ணா டிக் பண்ணப் பண்ண குருவிக்கு எனர்ஜி ஏறும், முழுசா ஏறினதும் அது ஊர் சுத்தக் கெளம்பிடும், போயிட்டு வந்து பாத்ததச் சொல்லும்.

பெரியவங்களுக்கு எதுக்கு குருவி பொம்மைன்னு கேக்கலாம். ஆனா இதுக்கு அடியில இருக்குற ஐடியா ரொம்ப உருப்படியானது. டிப்ரஷனுக்கு குடுக்குற சிகிச்சைகள்ல பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு ஒண்ணு இருக்கு, 1970கள்ல பீட்டர் லெவின்சோன்ங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட்டோட வேலைதான் அதுக்கு முக்கியமான தொடக்கம். மூடு வரட்டும் அப்புறம் செய்யலாம்னு உக்காந்திருந்தா மூடு வராது, சின்னதா ஒண்ணச் செஞ்சா அதுக்குப் பின்னாடி மூடு கொஞ்சம் கொஞ்சமா வரும், அவ்ளோதான் விஷயம். அதுக்காக இந்த ஆப் டாக்டருக்கு பதில் கெடையாது, வாரக்கணக்குல மனசு பாரமா இருந்தா போய்ப் பாத்துடுங்க.

எனக்கு இது எப்படி வேலை செஞ்சுதுன்னா, சிங்க் நெறைய பாத்திரம், பாத்தாலே கால் பின்னாடி போகுது, அப்போ லிஸ்ட்ல "ரெண்டு டம்ளர் கழுவணும்"னு மட்டும் போட்டேன். கழுவி கவுத்து வெச்சுட்டு டிக் அடிக்கப் போறேன், கை நனைஞ்சாச்சு, ஸ்பாஞ்ச்ல நுரை மிச்சம் இருக்கு, சரி இந்தத் தட்டையும் தேய்ச்சுடுவோம், அந்தக் கரண்டியும்னு போயி கடைசில சிங்க்கோட அடி தெரிஞ்சுது. எல்லா நாளும் அப்படி ஆகாது, சில நாள் ரெண்டு டம்ளரோட நின்னுடும், அன்னைக்கும் குருவி அதே சந்தோஷத்தோடதான் கெளம்பும் பாருங்க, அங்கதான் நான் விழுந்துட்டேன்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு ஆப் வெச்சிருந்தேன், ஒரு நாள் விட்டா மொத்த கணக்கும் பூஜ்யத்துக்குப் போயிடும். காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சவங்க அந்த பூஜ்யத்தப் பாத்தா மறுபடி தொடவே தோணாது. ஃபின்ச்ல நாலு நாள் வராம இருந்தாலும் குருவி சாகாது, நோயில விழாது. இதுல செல்லம் குடுக்குறாங்கன்னு சொல்ல முடியாது, 2010ல ஃபிலிப்பா லாலிங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் லண்டன்ல 96 பேர வெச்சு பழக்கம் எப்படி உருவாகுதுன்னு பாத்தப்போ நடுவுல ஒரு நாள் தவறிப் போறது பெருசா பாதிக்கலன்னுதான் தெரிஞ்சுது. பழக்கம் படியிறதுக்கு சராசரியா 66 நாள், ஆனா ஆளப் பொறுத்து 18லேருந்து 254 வரைக்கும், அதனால பக்கத்து ஆளோட ஒப்பிட்டுப் பாக்காதீங்க.

கொறைன்னா, குருவிக்கு சட்டை வாங்குறது, ரூம அலங்காரம் பண்றதுன்னு அதுக்குள்ள நெறைய இருக்கு, அதுல எறங்கினா எந்திரிச்சு செய்யுற நேரம் போயிடும். காசு கட்டுற பிளஸ் வெர்ஷனும் உண்டு, சின்ன வேலைக்கு டிக் போட ஃப்ரீயே தாராளம்.

லிஸ்ட்ட மட்டும் கவனமா எழுதுங்க. "வீட்ட சுத்தம் பண்ணணும்"னு போட்டா அது சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்கும், "மேஜை மேல இருக்குற கப்ப எடுத்து சிங்க்ல போடணும்"னு போடுங்க, நாலஞ்சுக்கு மேல வேணாம்.