ஏரிக்கரை முகாமுக்கும் படகுக்கும் கையடக்கக் கழிப்பறை: போர்ட்டா பொட்டி 365 எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு பேர், இரண்டு இரவு, படகுத்துறையிலோ முகாம் திடலிலோ கழிவை முறையாகக் கொட்ட இடம் உண்டு என்றால், தெட்ஃபோர்ட் நிறுவனத்தின் போர்ட்டா பொட்டி 365-ஐ யோசிக்காமல் வாங்கலாம். கொட்ட இடமே இல்லாத ஏரிக்கு இதைச் சுமந்து போவது வீண். அங்கே கழிவைக் கெட்டியாக்கிப் பூட்டி எடுத்துவரும் ஜெல் பைதான் சரிப்படும். உட்கார வசதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். ஆனால் எங்கே, எப்படிக் காலி செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகுதான் கடைப்பக்கமே போக வேண்டும்.

குழி தோண்டிப் புதைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஏரிக்கரையில் பெரும்பாலும் போதாது. ஏரியில் தண்ணீர் ஆறு போல ஓடிக் கலைவதில்லை. உள்ளே போனது நெடுநாள் அங்கேயே கிடக்கும். அணை கட்டித் தேக்கிய ஏரிகளில் நிலைமை இன்னும் மோசம். மட்டம் இறங்கியிருக்கும்போது அழகான மணல்திட்டாகத் தெரிகிற இடம் உண்மையில் ஏரியின் தரைதான். அங்கே புதைத்ததெல்லாம் அடுத்த முறை ஏரி நிறையும்போது தண்ணீருக்குள் வந்துவிடும். 15 முதல் 20 செ.மீ. ஆழம், நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தூரம் என்ற பொது விதியைப் பின்பற்றுபவர்கள்கூட அந்த 60 மீட்டரை அன்றைய நீர்விளிம்பிலிருந்து அளந்துவிடுகிறார்கள். ஏரி முழுதாக நிறைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று பாறையிலும் மரத்தடியிலும் தடம் தெரியும். அங்கிருந்துதான் அளக்க வேண்டும். புதைத்த மலத்தில் நோய்க்கிருமிகள் ஓராண்டு கழித்தும் உயிரோடு இருக்கக்கூடும். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதே தண்ணீரில்தான் குழந்தைகள் குளிக்கிறார்கள். அமெரிக்காவின் பவல் ஏரியில் கரையிலிருந்து கால் மைலுக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள் முகாமிடுபவர்கள், அருகில் கழிப்பறை இல்லாவிட்டால் கையடக்கக் கழிப்பறை கொண்டுவந்து பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று விதி இருப்பது சும்மா இல்லை.

இனி பொருளுக்கு வருவோம். இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொக்கியால் பூட்டிய அமைப்பு. மேல்பெட்டியில் இருக்கை, மூடி, 15 லிட்டர் ஃப்ளஷ் தண்ணீர், கையால் அழுத்தும் பிஸ்டன் பம்ப். கீழ்ப்பெட்டி 21 லிட்டர் கழிவுத் தொட்டி. நடுவே ஒரு தகடு. முன்பக்கக் கைப்பிடியை இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். தகட்டைச் சுற்றி ரப்பர் சீல். தொட்டியின் நிறைவைக் காட்டும் அளவுகாட்டியும், ஊற்றுவதற்குத் திருப்பி நீட்டிக்கொள்ளும் குழாயும், காற்று விடும் பொத்தானும் உண்டு. உயரம் சுமார் 41 செ.மீ. என்பதால் முழங்கால் வலிக்காரர்களும் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழலாம். இதே வரிசையின் 335 குட்டையானது, கழிவுத் தொட்டியும் 10 லிட்டர்தான். சின்னப் படகில் இடம் இல்லாவிட்டால் மட்டும் அதை நினைத்துப் பார்க்கலாம்.

21 லிட்டர் யாருக்கு எத்தனை நாள் வரும்? ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சிறுநீர் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஐந்தாறு முறை போனால், முறைக்கு 300 மி.லி. ஃப்ளஷ் என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் ஒன்றரை லிட்டருக்கு மேல். மலமும் பேப்பரும் சேர்ந்து மூன்றரை லிட்டர் பக்கம் வந்துவிடும். பயன்படுத்தும் முன்பே தொட்டிக்குள் ஊற்ற வேண்டிய இரண்டு லிட்டரைக் கழித்தால் மீதி 19. இரண்டு பேருக்கு இரண்டரை நாள். நான்கு பேருக்கு ஒன்றரை நாள்கூட இல்லை. தண்ணீரால் கழுவிக்கொள்பவர்கள் ஒவ்வொரு முறைக்கும் அரை லிட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது இரண்டு பேருக்கே ஒன்றரை நாள்தான். தயாரிப்பாளர்கள் சொல்லும் ‘இத்தனை முறை ஃப்ளஷ்’ கணக்கை நம்பி நான்கு பேர் குடும்பத்தோடு மூன்று நாள் திட்டம் போடாதீர்கள். சிறுநீருக்கு மட்டும் இறுக்கமான மூடி போட்ட அகன்ற வாய் கேன் ஒன்றைத் தனியாக வைத்து, கரையில் உள்ள கழிப்பறையில் கொட்டினால் தொட்டி ஏறக்குறைய இரட்டிப்பு நாள் தாங்கும். சிறுநீர்தானே என்று ஏரியில் ஊற்றக் கூடாது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம்.

பயன்படுத்தும் முன் கழிவுத் தொட்டிக்குள் தண்ணீரும், நாற்றத்தை அடக்கும் கெமிக்கலும் போக வேண்டும். தொட்டியின் அடி முழுவதும் நனைகிற அளவுக்கு, சுமார் இரண்டு லிட்டர். பலரும் இதைத்தான் தவிர்க்கிறார்கள். அடியில் திரவம் இல்லாவிட்டால் மலம் தகட்டுக்கு நேர் கீழே கோபுரமாகக் குவியும். பிறகு தகடு மூடாது, மூடினாலும் சீலில் ஒட்டிக்கொள்ளும். கெமிக்கல் வாங்கும்போது அக்வா கெம் கிரீன் போல, ஃபார்மால்டிஹைடு இல்லாமல் செப்டிக் டேங்குக்கு ஒத்துப்போகும் ரகமாகப் பார்த்து எடுங்கள். ஏரிக்கரைக் கழிப்பறைகளில் பல செப்டிக் டேங்கில் ஓடுபவை. அங்கே கிருமிகள்தான் கழிவைச் சிதைக்கின்றன. ஃபார்மால்டிஹைடு போனால் அந்தக் கிருமிகளே செத்துவிடும். அளவு லேபிளில் உள்ளபடிதான். வெயில் காலத்தில் மட்டும், லேபிளில் சொன்ன நாளுக்கு முன்பே நாற்றம் எழும்பினால் மறுபடி ஒரு அளவு போடலாம்.

பிளீச்சிங் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ரப்பர் சீலைக் கெடுக்கும். சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சு வாயுவும் கிளம்பும். படகின் மூடிய அறைக்குள் அது உண்மையிலேயே ஆபத்து. பேப்பரிலும் எளிதில் கரைகிற ரகம்தான் எடுக்க வேண்டும். வெட் வைப்ஸ், ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று அச்சிட்டிருந்தாலும், தொட்டிக்குள் போகக் கூடாது. காலி செய்யும்போது ஊற்றுக்குழாயின் வாயில் வந்து நின்றுகொள்ளும், அதை வெளியே இழுக்கக் கைதான் போக வேண்டும்.

படகில் வைப்பதென்றால் தரையோடு இறுக்கும் பிடிப்புத் தகட்டைத் தனியாக வாங்குங்கள். படகு ஓடும்போது மேல்தொட்டியில் தண்ணீர் பாதிக்குமேல் இருக்கக் கூடாது. கிண்ணத்தில் ஒரு சொட்டும் தேங்கியிருக்கக் கூடாது. தகடு மூடியே இருக்க வேண்டும். வெயிலில் நின்ற படகில் தொட்டிக்குள் வாயு அழுத்தம் ஏறியிருக்கும். அப்படியே தகட்டை இழுத்தால் முகத்தில் தெறிக்கும். மூடியைக் கவிழ்த்துவிட்டு, தகட்டை ஒரு விரற்கடை மட்டும் மெல்லத் திறந்து, ‘உஸ்’ சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம்.

காலி செய்வதுதான் இந்தப் பொருளின் உண்மையான சோதனை. நிரம்பிய கீழ்த்தொட்டி 20 கிலோவுக்கு மேல் கனக்கும், அதுவும் உள்ளே அலையடிக்கிற கனம். ஆடுகிற மிதவைத்துறையில் ஒற்றை ஆள் தூக்கிப் போவது சரியல்ல. முக்கால்வாசி நிறைந்ததுமே புறப்பட்டுவிடுங்கள். அளவுகாட்டியில் சிவப்பு வரும்வரை காத்திருந்தால் தூக்கும்போதே சிந்தும். கொக்கியை விடுவித்து மேல்பெட்டியைக் கழற்றிவிட்டு, கீழ்த்தொட்டியை மட்டும் அதன் கைப்பிடியில் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். கொட்டும் இடத்தில் ஊற்றுக்குழாயை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றி, குழாய் வாயைத் துளைக்கு நெருக்கமாக வைத்துச் சாய்க்கவும். திரவம் ஓடத் தொடங்கியதும் காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை விட்டால் காற்று உள்ளே போக வழியில்லாமல் ‘குளக் குளக்’ என்று விட்டுவிட்டு வந்து காலில் தெறிக்கும். ஆனால் தொட்டி இன்னும் நிமிர்ந்திருக்கையிலேயே பொத்தானை அழுத்துவது தவறு. சாய்க்கும்போது அந்தத் துளை வழியாகவும் கசியும். ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டு முறை அலசி அதையும் அங்கேயே ஊற்ற வேண்டும், ஏரியில் அல்ல. கையுறை அவசியம். பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவ வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸிடம் ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது.

முன்கூட்டியே விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில படகுத்துறைகளில் உறிஞ்சி எடுக்கும் பம்ப்-அவுட் குழாய் மட்டும்தான் இருக்கும். 365-இல் அதற்கான இணைப்பு கிடையாது. கையடக்கத் தொட்டிக்குள் விட்டு உறிஞ்சும் நீளக்குழல் அங்கே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படகிலேயே நிலையாக வைக்கப்போகிறவர்கள் பம்ப்-அவுட் இணைப்பும் காற்றுக்குழாயும் கொண்ட படகு மாதிரியை வாங்குவதே நல்லது. குழிக் கழிப்பறைகளில் கெமிக்கல் கலந்த கழிவைக் கொட்டப் பல இடங்களில் அனுமதி இல்லை.

ஜெல் பை, மிகக் குறைந்த எடையில் எல்லாவற்றையும் தீர்க்கிறது. உள்பையில் இருக்கும் தூள் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாக்கும். வெளிப்பை கிழியாத கனமான ரகம், ஜிப் பூட்டு. பயன்படுத்தியபின் உள்பையின் காற்றை வெளியேற்றி முடிச்சுப் போட்டு வெளிப்பைக்குள் வைத்துப் பூட்டினால், அது அனுமதிக்கப்பட்ட இடங்களில் சாதாரணக் குப்பையோடு போகலாம். கழிப்பறைக் குழிக்குள் மட்டும் எறியக் கூடாது. கழிவு அள்ளும் லாரியின் குழாயை அடைப்பது இந்தப் பைகள்தான். சாதாரணக் கறுப்புக் குப்பைப் பை இதற்கு மாற்று இல்லை. ஒரு சுள்ளி குத்தினாலே கசியும். இருக்கை மூடி பொருத்திய 19 லிட்டர் வாளி இந்தப் பைகளுக்கு நல்ல தாங்கி, மலிவும்கூட. ஆனால் அந்த இருக்கை மூடி நீர் கசியாததல்ல. படகில் கவிழ்ந்தால் கொட்டும். ரப்பர் வளையம் கொண்ட திருகுமூடியைக் கூடவே வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வகைக் கழிப்பறைகள் கெடுவது பெரும்பாலும் பம்பாலோ பெட்டியாலோ அல்ல, தகட்டுச் சீலால்தான். சிறு பேப்பர் துணுக்கு சீலில் சிக்கினாலே போதும், படகு ஆடும்போது ஓரத்தில் நீலப் பச்சையாகக் கசிவு தெரியும். ஒவ்வொரு முறை காலி செய்ததும் ஈரத்துணியால் சீலை ஒரு சுற்றுத் துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக அடியுங்கள். வாசலினும் சமையல் எண்ணெயும் ரப்பரை ஊதவைக்கும் அல்லது பிசுபிசுக்க வைக்கும். வீடு திரும்பியபின் மேல்தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்து, பம்பைப் பத்துப் பதினைந்து முறை வெறுமனே அழுத்தி, தகட்டைத் திறந்த நிலையிலேயே நிழலில் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். மூடிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் சீல் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை இழுக்கும்போது கிழியும். சீல் தனி உதிரியாகக் கிடைக்கும். பயணத்துக்கு முந்தின வாரமே அரை லிட்டர் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு மணி நேரம் நிற்கிறதா என்று பார்த்து, நிற்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.