விமான நிலையத்திலிருந்து எழும்பூர்: மின்சார ரயிலா, மெட்ரோவா?

சென்னை விமான நிலையத்தில் இறங்கி, தென் மாவட்டத்துக்கு இரவு ரயில் பிடிக்க எழும்பூர் செல்ல வேண்டியவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் எதிர்ப்புறம் உள்ள திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால், மாறாமல் எழும்பூரிலேயே இறங்கலாம். மெட்ரோவிலோ பொதுவாக நீல வழித்தடத்தில் ஏறி, ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும்.

கட்டணத்தில் போட்டியே இல்லை. மின்சார ரயிலில் சாதாரண வகுப்புக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது. மெட்ரோவில் அதைப் போலப் பல மடங்கு ஆகும். நேரத்திலும் மின்சார ரயிலுக்கு ஒரு சாதகம் உண்டு: காலை 5 மணிக்கு மெட்ரோ தொடங்குவதற்கு முன்பே அது ஓடத் தொடங்கிவிடுகிறது.

ஆனாலும் பெட்டியும் கைக்குழந்தையுமாக வருபவரிடம் நான் மெட்ரோவையே சொல்வேன். 2015-இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கியபோதே மின்தூக்கி, நகரும் படிக்கட்டு, நடைமேடையோடு சமமாக நிற்கும் பெட்டி ஆகியவற்றோடு அமைக்கப்பட்டது அது. 1931-இல் சென்னை கடற்கரை நிலையம்–தாம்பரம் இடையே தொடங்கிய மின்சார ரயிலில் கதவுகள் திறந்தே இருக்கின்றன. நெரிசல் வேளையில் படியில் தொங்குவோரைக் கண்டால் இன்றும் மனம் பதறுகிறது. சக்கர நாற்காலியில் வருபவர் யாருடைய உதவியுமின்றி ஏறி இறங்க மெட்ரோவில்தான் முடியும் என்பது எனக்கு மிகப் பெரிய வேறுபாடாகப் படுகிறது.

இருந்தும் அன்றாடப் பயணத்தில் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்க முடியாது. இந்தத் திசையில் மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. தாம்பரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு வரை குறைந்த வாடகை தேடிக் குடியேறிய குடும்பங்களை நகரத்து வேலைக்கு அழைத்து வருவது மின்சார ரயில்தான். பூக்கூடையும் காய்கறி மூட்டையும் கொண்டு வருவோருக்குத் தனிப் பெட்டியும் அதில் உண்டு. 2025 ஏப்ரலில் இதே தடத்தில் வந்த குளிர்சாதன மின்சார ரயிலில் கதவுகள் தானாக மூடுகின்றன என்றாலும், அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண ரயிலிலோ 5 ரூபாய்தான். பாதுகாப்பாக மூடும் கதவு, ஐந்து ரூபாய்ச் சீட்டு வாங்குபவருக்கும் கிடைக்க வேண்டும்.