கடைப் பொட்டலத்தில் வரும் எமல்சிஃபையிங் வேக்ஸ்: பொருள் நன்று, லேபிள்தான் போதாது

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய ஒரு கெமிக்கல் கடையில் அரைக்கிலோப் பொட்டலமாகக் கிடைக்கும் எமல்சிஃபையிங் வேக்ஸை, அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்து நிற்கச் செய்யும் மெழுகை, சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மருந்தாக்கியல் படித்தவன் என்பதால், வீட்டளவில் கிரீம் செய்து பழகுபவர்கள் இதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் எந்த வகை மெழுகு என்று உறுதி செய்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். பொட்டலத்தின் மேல் ‘எமல்சிஃபையிங் வேக்ஸ்’ என்ற பெயரும் எடையும் விலையும் தவிர வேறொன்றும் இல்லை.

இந்தப் பெயரில் விற்பவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. பிரிட்டிஷ் மருந்தியல் தொகுப்பு அதே பெயரில் குறிப்பிடும் மெழுகில் தொண்ணூறு பங்கு செட்டோஸ்டீரைல் ஆல்கஹால் என்னும் மெழுகுப் பொருளும், பத்துப் பங்கு சோடியம் லாரைல் சல்பேட் என்னும் நுரைக்கும் பொருளும் உள்ளன. இது எதிர்மின் வகை, அதாவது நீரில் எதிர்மின்னேற்றம் கொள்வது. செட்டோமேக்ரோகால் எமல்சிஃபையிங் வேக்ஸ் என்பது எண்பது பங்கு செட்டோஸ்டீரைல் ஆல்கஹாலும் இருபது பங்கு செட்டோமேக்ரோகால் 1000 என்னும் பால்மமாக்கியும் (எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருள்) சேர்ந்தது. இதற்கு மின்னேற்றம் கிடையாது. சல்பேட்டுக்குப் பதிலாகச் செட்ரிமைடு என்னும் கிருமிநாசினிப் பொருள் சேர்ந்த நேர்மின் வகையும் உண்டு. மூன்றுமே வெள்ளை நிறமாக, தொட்டால் வழுவழுப்பாக, ஏறத்தாழ மணமின்றி இருப்பதால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. கடையில் கேட்டால், “எல்லாம் ஒண்ணுதான் சார், கிரீமுக்குத்தானே?” என்ற பதில்தான் கிடைத்தது.

ஒன்றல்ல என்பதற்குக் காரணம் உண்டு. சல்பேட் வகை மெழுகைக் கொண்டு செய்யும் அக்வஸ் கிரீமில் சோடியம் லாரைல் சல்பேட் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு வந்துவிடுகிறது. அதைக் கழுவாமல் தோலிலேயே விட்டுவிட்டால், முக்கியமாகக் கரப்பான் (எக்சிமா) என்னும் தோல் நோய் உள்ள குழந்தைகளுக்கு எரிச்சலும் அரிப்பும் சிவப்பும் உண்டாகலாம் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் எச்சரித்தது. மருந்து சேர்க்கும்போது இன்னொரு சிக்கலும் எழும். நியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி போன்ற நேர்மின் தன்மையுள்ள மருந்து சல்பேட்டோடு பிணைந்துவிடுவதால், களிம்பில் மருந்து இருந்தும் அதன் வேலை குறைந்துபோகும். பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்துக் கிரீம்கள் பலவற்றின் சேர்மானத்தில் செட்டோமேக்ரோகாலும் செட்டோஸ்டீரைல் ஆல்கஹாலும் சேர்ந்தே இடம்பெறுவதைப் பார்த்தால், மருந்துத் துறை மின்னேற்றமற்ற வகையை எவ்வளவு நம்புகிறது என்பது விளங்கும்.

ஆகவே பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் வகையைச் சோதித்தேன். சிறிதளவு மெழுகைச் சுடுநீரில் உருக்கி நன்றாகக் கலக்கினால் வெண்மையான பால் கிடைக்கும். ஆறிய பாலை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பிரித்து, ஒன்றில் செட்ரிமைடு உள்ள கிருமிநாசினியையும் மற்றதில் நீர்த்த ஷாம்புவையும் சொட்டுச் சொட்டாக விட்டேன். செட்ரிமைடு நேர்மின், ஷாம்பு எதிர்மின்; எதிரெதிர் மின்னேற்றங்கள் பிணைந்துவிடும் என்பதால் சல்பேட் வகையாக இருந்தால் முதல் குவளையும், நேர்மின் வகையாக இருந்தால் இரண்டாவதும் திரிந்திருக்க வேண்டும். இரண்டும் அப்படியே நின்றன. குலுக்கியபோது சல்பேட்டுக்கு உரிய பெரும் நுரையும் எழவில்லை. எனவே இது மின்னேற்றமற்ற வகை என்று கொள்ளலாம். ஆனால் மெழுகோடு சேர்ந்திருப்பது செட்டோமேக்ரோகாலா, மின்னேற்றமற்ற இன்னொரு பால்மமாக்கியான பாலிசார்பேட்டா என்பதை இந்தச் சோதனை காட்டாது. அதைச் சொல்ல வேண்டியது லேபிளின் வேலை.

செயல்பாட்டில் குறை காணவில்லை. தேங்காய் எண்ணெயோடு மெழுகையும் ஒரு பாத்திரத்தில், காய்ச்சி வடித்த நீரை இன்னொன்றில் வைத்து, இரண்டையும் 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கிக் கலந்தால், கிளறத் தொடங்கிய உடனே எண்ணெய்த்தன்மை மறைந்து வெண்மை பரவுகிறது. மெழுகின் அளவு மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு. செட்டோமேக்ரோகால் கிரீமின் மருந்தியல் சேர்மானத்திலும் கணக்குப் பார்த்தால் இதே அளவுதான் வருகிறது. ஆறும்வரை விடாமல் கிளற வேண்டும். பாதியில் விட்டால் ஓரங்களில் மெழுகு தனியாக உறைந்து, பூசும்போது மணல்போல விரலில் நெருடும்.

செய்த அன்று கிரீம் சற்று நீர்க்கவே இருக்கும். இதைக் கண்டு உடனே மெழுகைக் கூட்டுவோர் பலர்; அது தேவையில்லை. மின்னேற்றமற்ற பால்மமாக்கியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மெதுவாகவே நீரை ஏற்பதால், மெழுகும் நீரும் சேர்ந்து அமைக்கும் அடுக்குவலை அடுத்தடுத்த நாட்களில்தான் முழுமையடைகிறது. கிரீமும் அப்போதுதான் இறுகுகிறது. எண்ணெய்த் துளிகளை ஒன்றுசேர விடாமல் தாங்குவது துளியைச் சுற்றிய படலம் மட்டுமல்ல, இந்த வலையும்தான். தேங்காய் எண்ணெய் ஆண்டின் பெரும்பகுதி உறையாமலே கிடக்கும் மதுரையில் கிரீமுக்கு இந்த உடல்வாகு மிகவும் வேண்டும். சித்திரை வெயிலில் சன்னலோரம் வைத்த புட்டியிலும் எண்ணெய் மேலே பிரியவில்லை என்பதை இப்பொருளின் பெரிய பலமாகச் சொல்வேன்.

நீர் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. மின்னேற்றம் இல்லாததால் உப்பும் கடினத்தன்மையும் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை இது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதற்காக அந்த நீரில் கிரீம் செய்யக் கூடாது. கிருமிக் கணக்கு வேறு.

கிருமி என்றதும் இம்மெழுகின் உண்மையான பலவீனத்தைச் சொல்லியாக வேண்டும். மின்னேற்றமற்ற பால்மமாக்கிகள் நீரில் தாங்கள் அமைக்கும் நுண்ணிய திரள்களான மிசெல்களுக்குள், கிரீம் கெடாமல் காக்கும் பாரபென்களை இழுத்து வைத்துக்கொள்வதால், அந்தப் பொருள் சேர்த்திருந்தும் நீர்ப்பகுதியில் அது குறைவாகவே எஞ்சும். இந்தக் குணத்தைக் கவனிக்காமல், புட்டியில் பூஞ்சை படிந்துவிட்டால் மெழுகையே குறை சொல்கிறார்கள். பினாக்சியெத்தனால் போன்ற வேறு காப்புப் பொருட்கள் இவ்வகையில் பரவாயில்லை. தோல் பக்கமாகவும் ஒரு எச்சரிக்கை: செட்டோஸ்டீரைல் ஆல்கஹால் வெகு சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடும் என்பதால் முதலில் முழங்கையின் உட்புறத்தில் பூசிப் பார்ப்பது நல்லது.

பொட்டலம் மெல்லிய பிளாஸ்டிக் உறை; ஒருமுறை திறந்தால் மூட வழியில்லை. இதுபோன்ற சேர்மங்கள் காற்றுப் பட்டால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால் வாங்கிய உடனே இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றுங்கள். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் வெயில் காலத்தில் மெழுகுச் சீவல்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியானதால் பொருள் கெட்டுவிடுவதில்லை, நிறுத்து எடுப்பதுதான் தொல்லை.

பித்தவெடிப்புக்கான கெட்டிக் களிம்பு செய்ய நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அது நீரை எண்ணெய்க்குள் பிடித்து வைக்க வேண்டிய வேலை. இம்மெழுகு செய்வது நேர்மாறானது. விற்பனைக்காகக் கிரீம் தயாரிப்பவர்களுக்கோ உரிமம் கட்டாயம் என்பதால், மூலப்பொருளின் சேர்மானம் தெரியாத இந்தப் பொட்டலம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உதவாது. தொகுதி எண்ணும் பகுப்பாய்வுச் சான்றும் தரும் மொத்த வியாபாரியிடம் மூட்டையாக எடுப்பதே சரி. வீட்டுக்கு மட்டும் செய்பவர்கள், மேலே சொன்ன இரண்டு குவளைச் சோதனையை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் செய்துகொண்டு வாங்கலாம். அடுத்த பொட்டலத்திலும் இதே வகைதான் இருக்கும் என்பதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.