தண்டையார்பேட்டை மோட்டார் காயில் கடை: என் அனுபவம்

எர்ணாவூரில் எங்கள் வீட்டு சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் அரை ஹெச்பி மோட்டார் போன மாதம் புகைந்து நின்றுவிட்டது. தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடை இருக்கிறது. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். அங்கே கொடுத்தேன்.

எனக்கு முதலில் பிடித்தது அங்கிருக்கும் தராசு. எரிந்த காயிலைக் கடைக்காரர் என் கண் முன்னாலேயே வெட்டி எடுத்து நிறுத்தார்: 780 கிராம். பழைய செம்புக்கான விலையைக் கூலியில் கழித்தார். புதுக் கம்பியின் நுனியைச் சுரண்டி, உள்ளேயும் சிவப்பாக இருப்பதைக் காட்டினார். செம்புக்குக் காசு வாங்கிக்கொண்டு அலுமினியம் சுற்றித் தரும் இடங்களில் நான் ஏமாந்திருக்கிறேன். மொத்தம் 1,750 ரூபாய், பில்லோடு.

மூன்றாம் நாளே மோட்டார் சூடேறி நின்றது. தூக்கிக்கொண்டு போனேன். பிரித்துப் பார்த்தவர், "இன்சுலேஷன் பேப்பர் கிழிஞ்சிருக்கு சார்" என்றார். சுற்றியது கடைப் பையன். அவனைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அவன் செஞ்சான்னு நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது. பில்லு என் பேர்ல இருக்கு" என்று சொல்லி, முழுவதையும் மறுபடி கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. நான் பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தா. ஜாம்பியாவில் சிங்கோலா பக்கத்துக் கிராம மக்கள் 1,826 பேர் லண்டன் வரை போய்க் கேட்டதும் இதைத்தான்: கீழே இருப்பவர் செய்ததற்கு மேலே இருப்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்று. செம்புச் சுரங்கக் கழிவு ஓடைகளில் கலந்து குடிநீரும் பயிரும் கெட்டன என்பது அவர்கள் வழக்கு. சுரங்கத்தை நடத்தியது கொங்கோலா காப்பர் மைன்ஸ். அதன் தாய் கம்பெனி வேதாந்தா, நம் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டுக்கும் அதே தாய். இந்த வழக்கு இங்கிலாந்தில் நடக்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார்கள். 2019 ஏப்ரலில் நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. குழுமம் முழுவதற்கும் சுற்றுச்சூழல் விதிகளை எழுதி, பொறுப்பு எங்களுடையது என்று தாய் கம்பெனியே வெளியிட்டிருந்ததைக் கவனித்தார்கள். பரம ஏழைகள் இத்தனை பெரிய வழக்கை ஜாம்பியாவில் நடத்தப் பணமோ தகுந்த வக்கீலோ கிடைக்காது என்பதையும் பார்த்தார்கள். கடைசியில் 2021-இல் சமரசம் ஆனது, ஆனால் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த 'ஒப்புக்கொள்ளாமல்' இன்னும் உறுத்துகிறது.

சுரங்கக் கம்பெனிகள் மீதான லஞ்ச வழக்குகள் வேறு வழியில் போகின்றன. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்ததை கிளென்கோர் என்ற சுவிஸ் சுரங்க, வணிகக் கம்பெனி 2022-இல் அமெரிக்க, பிரிட்டன் நீதிமன்றங்களில் ஒப்புக்கொண்டது. காங்கோ அரசுக்கு 18 கோடி டாலர் தரவும் அந்த டிசம்பரில் சம்மதித்தது. தொகை பெரியதுதான். ஆனாலும் ஓடைத் தண்ணீர் குடித்தவர்களே வாதியாக நின்ற சிங்கோலா வழக்கைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்புறம், கடைக்காரரிடம் இந்தக் கம்பி எந்த ஊர்ச் செம்பு என்று கேட்டேன். சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பி இழுத்த கம்பெனியின் பெயர், கேஜ் (கம்பியின் தடிமன்), எடை இருந்தன. சுரங்கத்தின் பெயர் இல்லை. 780 கிராமுக்கு இவர் கணக்குச் சொல்கிறார். இவருக்கு விற்றவர்கள் சொல்லவில்லை. "சப்ளையர் வந்தா கேக்குறேன் சார்" என்று பில் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

வேலைக்கு ஐந்துக்கு நாலரை. இரண்டு நாள் என்று சொல்லி முதல் தடவை நாலு நாள் இழுத்ததற்காக அரை குறைத்தேன். ஞாயிறு விடுமுறை. வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டார், மோட்டாரை நாமேதான் கழற்றிக் கொண்டுபோக வேண்டும்.