பழைய வீடு வாங்குகிறீர்களா? குடிநீர் இணைப்பு எண்ணைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய வீடு வாங்கப் போகிறவர்களும், வாங்கிய பிறகு குடிநீர் இணைப்பை இன்னும் தங்கள் பெயருக்கு மாற்றாதவர்களும் இதைத் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். நகராட்சி அலுவலக வாசலில் ஓர் இடைத்தரகரிடம் 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். அவர் கட்டிவிட்டதாகச் சொன்ன அதே பாக்கியை மறுபடியும் நாங்களே கட்டினோம். நடுவில் பன்னிரண்டு நாட்கள் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், எண்பது வயது மாமியாரை வீட்டில் வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம்.

2023 ஜூன் மாதம் வீட்டைக் கிரயம் செய்தோம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர். நான்கு நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவார்கள். வாங்கும்போது நாங்கள் அலட்சியமாக இருந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தோம். தாய்ப்பத்திரம், பட்டா, மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டினோம். சொத்து வரி அந்த அரையாண்டு வரை கட்டப்பட்டிருந்தது. "தண்ணீர்க் கட்டணம்?" என்று கேட்டோம். "எல்லாம் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன்" என்றார் விற்றவர். சொத்து வரி ரசீது கையில் இருந்ததால் அந்தப் பேச்சை நம்பிவிட்டோம்.

வில்லங்கச் சான்றிதழில் தெரிவது பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள்தான். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை இவையெல்லாம் வரும். குடிநீர்க் கட்டண பாக்கி அதில் வராது. எங்கள் நகராட்சிக் கணக்கில் சொத்து வரிக்கு ஓர் எண், குடிநீர் இணைப்புக்கு ஓர் எண், பாதாளச் சாக்கடை இணைப்புக்கு இன்னோர் எண். ஒன்றைக் கட்டினால் மற்றது கட்டியதாகாது. ஒன்றில் பெயர் மாறினால் மற்றதில் தானாக மாறாது. இந்தச் சின்ன விஷயம் எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

ஆவணியில் புதுமனை புகுவிழா வைத்திருந்தோம். அதற்குள் இணைப்பை என் கணவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஜூலையில் நகராட்சி அலுவலகம் போனோம். நான் பள்ளி ஆசிரியை. வசூல் மையம் திறந்திருக்கும் நேரமும் என் பள்ளி நேரமும் ஒன்று. அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். வரிசை படிக்கட்டு வரை நின்றது. வாசலில் ஜெராக்ஸ் கடை ஓரம் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் ஃபைல்கள். உள்ளே போகும் ஊழியர்கள் சிலர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார்கள். "வெயிலில் நிற்காதீர்கள் டீச்சர், பத்திர நகலைக் கொடுங்கள், என்ன நிலவரம் என்று பார்த்துச் சொல்கிறேன்" என்றார். நான் ஆசிரியை என்று என் கணவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்த 'டீச்சர்' என்ற ஒரு சொல்லிலேயே எனக்கு அவர் மீது நம்பிக்கை வந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் ஓர் அச்சுப் பிரதியுடன் வந்தார். 2015 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை எட்டு ஆண்டுகள், மாதம் 150 ரூபாய் வீதம், 14,400 ரூபாய் பாக்கி. அந்தப் பிரதி உண்மையானது. அதை இன்றும் வைத்திருக்கிறேன். முதலில் காட்டிய காகிதம் உண்மையாக இருந்ததால்தான் அடுத்து வந்த பொய்க் காகிதத்தை நாங்கள் சந்தேகப்படவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தோம். எடுக்கவில்லை. பாக்கியைத் தீர்க்காமல் பெயர் மாற்றம் நடக்காது என்றார் இடைத்தரகர். அதுவும் உண்மைதான். பாக்கி 14,400, பெயர் மாற்றத்துக்கும் 'மற்ற செலவுகளுக்கும்' 4,100, ஆக 18,500. ரொக்கமாகக் கேட்டார். பக்கத்து ஏ.டி.எம்.மில் எடுத்துக் கொடுத்தோம். மறுநாள் மாலை வீட்டுக்கே வந்து ரசீது கொடுத்தார். முத்திரை, தேதி, தொகை, என் கணவர் பெயர் எல்லாம் இருந்தன. மாமியார் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

2024 பிப்ரவரியில் வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பழைய 14,400, நடப்பு ஆண்டின் இரண்டு அரையாண்டுக்கு 1,800, மொத்தம் 16,200. பெயர் இன்னும் பழைய உரிமையாளருடையதுதான். ஏதோ தவறாக ஒட்டியிருக்கிறார்கள், நம்மிடம்தான் ரசீது இருக்கிறதே என்று நினைத்தோம். சனிக்கிழமை போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டதுதான் எங்கள் அடுத்த தவறு. வியாழக்கிழமை, தண்ணீர் விடும் நாளன்று, இரண்டு பேர் வந்து தெருக்குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிரியும் இடத்தில் குழி தோண்டி இணைப்பை அடைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. கொடுத்த உத்தரவைச் செய்தார்கள். மாமியார் வாசலில் நின்று, "நாங்கள் பணம் கட்டிவிட்டோம் அப்பா, ரசீது இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ரசீதை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். கணினி முன் இருந்த ஊழியர் ரசீது எண்ணைத் தட்டிப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். வேறு வார்டு, வேறு தெரு, வேறு இணைப்பு எண். யாரோ ஒருவர் அரையாண்டுக்குக் கட்டிய 900 ரூபாய்க்கான ரசீது அது. அதைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி எங்களிடம் கொடுத்திருக்கிறார். ரசீதில் இணைப்பு எண் மட்டும் மாறாமல் பளிச்சென்று இருந்தது. எங்கள் எண் எது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த மாலையே, அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோதே, பிடித்திருப்போம். முதலில் அவர் காட்டிய பாக்கிப் பிரதியில் எங்கள் எண் இருந்தது. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

இடையில் அரையாண்டுக் கட்டணம் பற்றி ஏன் தகவலே வரவில்லை என்று கேட்டேன். குறுஞ்செய்தி எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, வீட்டை விற்றவரின் கைப்பேசிக்கு.

16,200 ரூபாயையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் அன்றே கவுன்ட்டரில் கட்டினேன். தண்ணீர் திரும்பி வருவதற்குள் மூன்று முறை தெருவில் தண்ணீர் விட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு குடம் கொடுத்தார்கள், அதை மறக்க மாட்டேன். பெயர் மாற்றத்துக்கு நானே விண்ணப்பம் கொடுத்தேன். கிரயப் பத்திர நகல், எங்கள் பெயருக்கு மாறிய சொத்து வரி ரசீது, பாக்கி இல்லை என்பதற்கான ரசீது ஆகியவற்றைக் கேட்டார்கள். 4,100 ரூபாய் கேட்கப்பட்ட அந்த வேலை எனக்கு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இனி, போன பணம். இடைத்தரகரின் எண் அணைக்கப்பட்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் அவரைத் தெரியாது என்றார். எட்டு மாதத்துக்கு முன் இருவரும் ஒரே டீயைப் பிரித்துக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். காவல் நிலையத்தில் வெறும் வாய்ப்பேச்சாகச் சொன்னால் எடுபடாது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய்க்குக் கோர்ட்டு வில்லை ஒட்டி, 'இந்த ரசீது எண் எந்த இணைப்புக்கு உரியது, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதியில்?' என்று மூன்றே கேள்விகள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது. அந்தக் கடிதத்தை இணைத்துப் புகார் கொடுத்த பிறகுதான் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. பணம் இதுவரை வரவில்லை.

விற்றவரிடம் மட்டும் நியாயம் கிடைத்தது. எங்கள் கிரயப் பத்திரத்தில் 'சொத்து வரி பாக்கிக்கு விற்பவரே பொறுப்பு' என்று இருந்தது. தண்ணீர்க் கட்டணம் என்ற சொல்லே இல்லை. அதனால் கேட்க முடியாது என்று நினைத்தோம். ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவு இருக்கிறது என்று வழக்கறிஞர் காட்டினார். வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, கிரயத் தேதி வரை அந்தச் சொத்தின் மேல் சேர்ந்த பொதுக் கட்டணங்களைக் கட்டுவது விற்பவரின் கடமை. அதைக் குறிப்பிட்டு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியதும், அதுவரை போனை எடுக்காதவர் பத்தே நாளில் 14,400 ரூபாயை வங்கியில் போட்டார். பழைய வீடு வாங்கி இப்படிப் பாக்கியில் மாட்டிக்கொண்டவர்கள் இந்தப் பிரிவை உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பத்திரம் எழுதும்போதே குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

குப்பை விஷயத்திலும் ஏமாந்தோம். தொகை சிறியதுதான். குடிவந்த செப்டம்பர் முதல், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞர் மாதாமாதம் வந்து 'குப்பை வரி' என்று நூறு ரூபாய் வாங்கினார். ரசீது கிடையாது. ஒரு குறிப்பேட்டில் கையெழுத்து மட்டும் வாங்குவார். ஆறு மாதம், 600 ரூபாய். வீடு வீடாகக் குப்பை எடுப்பதற்குப் பயன்பாட்டுக் கட்டணம் வாங்க 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே இடம் கொடுத்தன. கட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கட்டணம் சொத்து வரியோடு சேர்ந்தே வருகிறது. அதை நாங்கள் ஏற்கெனவே கட்டியிருந்தோம். இதை எனக்குச் சொன்னது தினமும் காலையில் வண்டி தள்ளி வரும் தூய்மைப் பணியாளர் அக்காதான். "நாங்கள் யாரும் வீட்டு வாசலில் காசு வாங்கக் கூடாது அம்மா. யாராவது வாங்கினால் கெட்ட பெயர் எங்களுக்குத்தான் வருகிறது" என்றார். அடுத்த மாதம் அந்த இளைஞர் வந்தபோது அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பிறகு அவர் வரவே இல்லை. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்கவில்லை என்று அபராதம் கேட்டு யாராவது வந்தாலும் ரசீது கேளுங்கள்.

இன்னொன்று. மறு இணைப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் என் கணவர் கைப்பேசிக்கு, 'இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று ஒரு செய்தி வந்தது. ஓர் எண்ணும், பதிவிறக்க ஒரு ஏ.பி.கே. கோப்பும் (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) இருந்தன. ஏற்கெனவே ஒருமுறை தண்ணீர் நின்ற வீடு என்பதால் அவர் பதறிப்போய் அந்தக் கோப்பைத் தொடப் போனார். என் தங்கை மகன் கையைப் பிடித்துத் தடுத்தான். அந்த மாதிரிக் கோப்பை நிறுவினால் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. வரை திருடர்கள் கைக்குப் போய்விடும். எங்களுக்குத் தண்ணீரை நிறுத்தியபோது இரண்டு பேர் மண்வெட்டியுடன் வந்து அரை மணி நேரம் குழி தோண்டினார்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கோ உட்கார்ந்து பொத்தானை அழுத்தி நிறுத்துகிற காரியம் அல்ல அது. இப்படிப் பணம் போய்விட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம் சொத்து வரி, குடிநீர், பாதாளச் சாக்கடை என மூன்று எண்களையும் எழுதி வாங்குங்கள். நகராட்சி இணையதளத்திலோ கவுன்ட்டரிலோ ஒவ்வொரு எண்ணுக்கும் பாக்கியைத் தனித்தனியாகப் பாருங்கள். பணத்தை இணையத்தில் கட்டுங்கள், அல்லது கவுன்ட்டரில் நீங்களே கட்டுங்கள். ரசீது கைக்கு வந்ததும் பெயரைப் பார்ப்பதற்கு முன் இணைப்பு எண்ணைப் பாருங்கள். கிரயம் முடிந்த வாரத்திலேயே கைப்பேசி எண்ணை மாற்றச் சொல்லுங்கள். அலுவலகத்தில் அலைக்கழித்தால் 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புச் சேவையின் எண் 1100 இருக்கிறது, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது.

சென்ற மாதம் அரையாண்டுக் கட்டணம் கட்டப் போனேன். ஜெராக்ஸ் கடை ஓரம் அதே இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன் மஞ்சள் பையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு வயதான தம்பதி நின்றிருந்தார்கள். அந்த அம்மா சேலை முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "அம்மா, உங்கள் இணைப்பு எண் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். முந்தானையை மறுபடியும் முடிந்துகொண்டார். மூவரும் உள்ளே போய் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வர ஒரு மணி நேரம் ஆனது.