நன்றாகத்தான் நிற்கிறது, ஆனால் கத்துகிறது

காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் தொழில் செய்யும் நண்பன் போன் போட்டான். "மச்சான், உன்கிட்ட இருக்கிற மாடலே பெங்களூருல செகண்ட்ஸ்ல வருது. விலை நல்லா எறங்கியிருக்கு. இன்ஜின் கதையெல்லாம் வேணாம், பிரேக்குக்கு என்ன செலவு புடிக்கும், அதை மட்டும் சொல்லு." சீசன் முடிந்து கையில் காசு புரளும் நேரத்தில் வருகிற கேள்வி இது. "செலவை விடுடா, கத்தும்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம், சண்டைக்கு ஆள் வரும். ஜெர்மன்காரன் செய்தது, ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல், ஆள் ஏறினால் 1,800 கிலோ, முன்னால் நாலு பிஸ்டன் காலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்துகிற கவ்வி. மீதி உங்களுக்கே தெரியும்.

தர்மபுரி நான்கு ரோட்டில் மெதுவாக வந்து, சிக்னலில் நிற்கப் போகும்போது, வண்டி அசைவது நிற்பதற்கு முந்தைய அந்தக் கடைசி நொடியில் ஒரு 'கீ...ச்'. பஸ் பிரேக் மாதிரிப் பெருமூச்சு விடுகிற சத்தம் கிடையாது. பல் கூசும், மெல்லிய, நீளமான சத்தம். ரோட்டில் போகிறவர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், முதலில் வண்டியை, அப்புறம் என் முகத்தை. ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களுக்கு என்மேல் உண்மையான இரக்கமே வந்துவிட்டது. "ணா, லைனிங் காலி போல. இவ்வளவு பெரிய வண்டி வெச்சிக்கினு அதை மாத்தக் கூடாதா?" இப்படிக் கேட்டவரின் ஆட்டோ சத்தமே இல்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றது. நான் என்ன பதில் சொல்ல?

லைனிங் காலி இல்லை. பேட், அதாவது காலிப்பருக்குள் டிஸ்க்கை உரசிப் பிடிக்கிற கட்டை, புதுசு. அதுதான் எரிச்சலே.

இதே வண்டியைத் தொப்பூர் கணவாயில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாளையம் டோல்கேட் தாண்டி சேலம் பக்கம் இறங்குகிற அந்த இறக்கமும் வளைவும் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிற லாரி, இன்ஜின் பிடி இல்லாமல் வெறும் பிரேக்கை மட்டும் நம்பி வரும். டிரம் சூடேறியபின் மிதித்தாலும் பிடிக்காது. அந்த மாதிரி ஒரு லோடு வண்டி இரட்டைப் பாலத்துக்கு மேலே திடீரென்று என் லேனுக்குள் வந்தது. மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, ஸ்டியரிங் இம்மியும் இழுக்கவில்லை, பின்சீட்டில் இருந்த அம்மா மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு "ஏன்டா நிறுத்தினே?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு சத்தமும் இல்லை. ஆமாம், தொப்பூரில் கத்தவே கத்தாது. சூடாக இருக்கும்போது, அழுத்தி மிதிக்கும்போது, உயிர் போகிற நேரத்தில் எல்லாம் பரம சாது. நான்கு ரோட்டில் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் வாய் திறக்கும்.

காரணம் கேட்டால் ரெண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் இரும்புத்தூள் கலந்த பேட்தான் போடுவார்கள். முதல் மிதியிலேயே கவ்வும், அதிகச் சூட்டையும் தாங்கும். கூடவே டிஸ்க்கையும் சுரண்டும், அலாய் வீல் முழுக்கக் கறுப்புத் தூளைக் கொட்டும், மெதுவாகப் போகும்போது டிஸ்க்மேல் ஒட்டி விட்டு, ஒட்டி விட்டு அதிரும். அந்த அதிர்வு நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் போகும்போது காதுக்குக் கீச்சென்று கேட்கிறது. செராமிக் பேட் போட்டால் சத்தமும் தூளும் குறையும், ஆனால் அந்தக் கவ்வல் அப்படியே கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. 1,800 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்தில் வருவதை நிறுத்துவதைவிட 140-ல் வருவதை நிறுத்தக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூட்டை பிரேக் விழுங்கியாக வேண்டும். அதற்காகச் செய்த பேட்டை நான் தக்காளி வண்டிக்குப் பின்னால் 15-ல் ஊர்ந்து தேய்க்கிறேன். பேட்மேல் தப்பு சொல்ல முடியாது என்று அறிவுக்குத் தெரிகிறது. காதுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது.

சர்வீஸ் சென்டர் கதைக்கு வருகிறேன். பெங்களூருக்குத்தான் கொண்டுபோனேன். முன்பக்க பேட் தேய்ந்து விளக்கு எரிந்திருந்தது. பேடுக்குள் ஒரு சின்ன ஒயர் வளையம் புதைத்திருப்பார்கள், தேய்ந்து தேய்ந்து டிஸ்க் அந்த ஒயரை அறுத்ததும் விளக்கு எரியும். அறுந்த சென்சாரைத் திரும்பப் போட முடியாது, புதுசுதான். என் வண்டியில் அது முன்னால் ஒரு சக்கரத்திலும் பின்னால் ஒரு சக்கரத்திலும் மட்டும்தான். மற்ற ரெண்டு சக்கரத்தில் பேட் அதற்கு முன்பே தேய்ந்துபோனாலும் விளக்குக்குத் தெரியாது. விளக்கை நம்பாமல் டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் நல்லது.

அங்கே உட்கார வைத்து, காபி கொடுத்து, டேப்லெட்டில் எஸ்டிமேட் காட்டினார்கள். பேட், சென்சார், நாலு டிஸ்க், பிரேக் ஆயில். ஒரு புது புல்லட்டை ரோட்டுக்கு எடுக்கிற தொகை. "டிஸ்க் அளந்தீங்களா?" என்று கேட்டேன். "சார், பேட் மாத்தினா டிஸ்க்கும் மாத்தறதுதான் நல்லது." நான் கேட்டது அது இல்லையே. அளந்தீர்களா, எவ்வளவு வந்தது? பதில் வரவில்லை, இன்னொரு காபி வந்தது. நியாயமாகச் சொன்னால் அவர்கள் சொல்வதிலும் அர்த்தம் உண்டு. வரி வரியாகக் கோடு விழுந்த டிஸ்க்மேல் புது பேட் முழுசாகப் பதியாது, சத்தமும் வரும், அந்தப் புகாரும் அவர்கள் தலையில்தான் விடியும். ஆனால் எடுத்த எடுப்பில் நாலையும் மாற்று என்பதற்கு முன்னால் தடிமன் அளக்கிற ஒரு மைக்ரோமீட்டரை எடுக்க எவ்வளவு நேரமாகும்? பேட், சென்சார், ஆயில் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். அத்திப்பள்ளி தாண்டும் முன்பே கத்த ஆரம்பித்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு தம்பி ஷெட் வைத்திருக்கிறார். முன்பு பெங்களூரில் பெரிய வண்டிகள் பார்த்த கை. சக்கரத்தைக் கழற்றியதும் அவர் செய்த முதல் காரியம் டிஸ்க்கின் நடுவில் இருக்கிற தொப்பி மாதிரி பாகத்தைத் துடைத்து எழுத்தைக் காட்டியதுதான். குறைந்தபட்சத் தடிமன் 28.4 மி.மீ. என்று அதிலேயே பொறித்திருந்தது. புதுசில் அது 30. "வெர்னியர் வெச்சு அளந்தா ஏமாந்துடுவோம் ணா. ஓரத்துல தேயாத விளிம்பு நிக்குது பாருங்க, அது அதிகமாக் காட்டும்." மைக்ரோமீட்டரை உள்ளே விட்டு எட்டு இடத்தில் அளந்தார். எங்கேயும் 29.2-க்குக் கீழே போகவில்லை. நாலு டிஸ்க் என்று எழுதிக் கொடுத்த அந்த எஸ்டிமேட்டை அந்த நிமிடம் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வந்த கோபத்தை எழுத வேண்டாம்.

அப்புறம் பேடைக் கழற்றினார். பேடின் ரெண்டு காதும் உட்காருகிற இடத்தில் துருவும் தூளும் வெந்து பாறையாகப் பிடித்திருந்தது. அதன்மேலேயே புது பேடைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள். பேட் விட்டுத் திரும்ப இடமில்லாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஒயர் பிரஷ் போட்டு, சின்ன அரத்தால் வழித்து, உலோகம் வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் விடவில்லை. பேடின் முதுகில் விரல் நுனியால் மெலிதாக செராமிக் பேஸ்ட் தடவினார். பிஸ்டன் ரப்பர்மேல் படாமல் அவ்வளவு ஜாக்கிரதை. பேடின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் சரிவாகத் தேய்த்தார். பின்சக்கரத்துக்குப் போகும்போது முதலில் லேப்டாப்பை மாட்டி ஹேண்ட்பிரேக் மோட்டாரைப் பின்னால் இழுக்க வைத்தார். அது எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக், சாதாரண வண்டி மாதிரி ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் மோட்டார் போய்விடும். பக்கத்து ஷெட்காரர் எட்டிப் பார்த்து, "லேத்ல குடுத்து ரெண்டு பிடி பிடிச்சா சத்தம் போயிடும்" என்றார். தம்பி சிரித்துவிட்டு, "இன்னும் தேய இருக்கிறதே 0.8 மி.மீ., அதையும் லேத்துக்குக் குடுக்கறதா?" என்றார்.

புது பேடைப் பதிய வைக்கிற வேலையை நம்மிடம் விட்டார். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் ரோட்டில் விடிகாலையில் பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 80-லிருந்து 20 வரை கொஞ்சம் அழுத்தமாகப் பிடிப்பது, முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுப்பது, திரும்பப் பிடிப்பது. கடைசியில் பிரேக்கையே தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுவது. பேட் பொருள் டிஸ்க்மேல் ஒரே சீராகப் படிய வேண்டும் என்பதுதான் கணக்கு. சூடாக இருக்கும்போது நிறுத்தி பெடலை மிதித்தபடியே இருந்தால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படியும், அப்புறம் ஸ்டியரிங் ஆடும், "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று இன்னொரு எஸ்டிமேட் வரும்.

சத்தம் போனது. நிஜமாகவே போனது. நான்கு ரோட்டில் வேண்டுமென்றே மெதுவாகப் போய் நின்று பார்த்தேன், ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவரும் திரும்பவில்லை. மழைக்காலம் ஆரம்பித்தது. காலையில் வண்டி எடுத்தால் முதல் ரெண்டு மூன்று மிதிக்குக் கீச். ராத்திரி ஈரத்தில் டிஸ்க்மேல் படிகிற துரு வழிக்கப்படும் சத்தம், அது எல்லா வண்டிக்கும் உண்டு என்று விட்டுவிட்டேன். மழை போயும் அது போகவில்லை. இப்போது முன்பு போல எப்போதும் இல்லை, நினைத்தால் கத்துகிறது. யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால் தவறாமல் கத்துகிறது.

ஆயில் விஷயம் சின்னதுதான், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்கிற ரக ஆயில் புதுசில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறியபின் அந்த அளவு 155. தொப்பூரிலோ பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போதோ லாரிக்குப் பின்னால் மிதித்துக்கொண்டே இறங்கினால் காலிப்பர் சூட்டில் பழைய ஆயில் குமிழி விடும், பெடல் சொத்தென்று உள்ளே போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இறங்கும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற கியர் பேடிலைத் தட்டி கியரைக் குறைத்து வையுங்கள். இதில் பணம் மிச்சம் பிடிப்பவனோடு நான் மலை இறங்க மாட்டேன்.

பங்க்சர் கடையில் கவனம். இந்த வண்டிகளில் நட்டு கிடையாது, போல்ட். ஏர் கன்னை வைத்து ஒரு பக்கம் முறுக்கோ முறுக்கு என்று முறுக்கி மறுபக்கம் விட்டால் டிஸ்க் நேராக உட்காராது. இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச் டிக்கியில் இருக்கட்டும். கடைக்காரர் "கம்பெனிக்காரரா சார்?" என்று கேட்பார், கேட்கட்டும்.

நண்பன் போட்டோ அனுப்பினான். மஞ்சள் காலிப்பர். போர்ஷேயில் மஞ்சள் காலிப்பர் என்றால் கார்பன் செராமிக் டிஸ்க் என்று அர்த்தம், வார்ப்பிரும்பில் பாதி எடைதான் இருக்கும், தூளும் குறைவு. அவன் பார்க்கிற வண்டி போர்ஷே இல்லை. மஞ்சள் பெயின்ட் டப்பா எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. டிஸ்க் விளிம்பை டார்ச் அடித்துப் பார், துரு தெரிந்தால் அது சாதா இரும்பு. நிஜமாகவே கார்பன் செராமிக் என்றால் இன்னும் யோசி. நம் பங்க்சர் கடையில் சக்கரம் நழுவி விளிம்பில் ஒரு பெரிய சில்லு தெறித்தால் அந்த டிஸ்க்கோடு கதை முடிந்தது.

ஆக, நான் ஓட்டியதிலேயே நன்றாக நிற்கிற வண்டி இதுதான். அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு தொப்பூர் இறங்க வேறு எதையும் நம்ப மாட்டேன், தம்பி ரெண்டு தடவை சொல்லியும் செராமிக் பேடுக்கு மாற மனசு வராததும் அதனால்தான். ஆனாலும் நண்பா, வாங்காதே. நேற்று ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இந்த மனநிலையில் வேறு எதுவும் சொல்ல வராது.

எப்படியும் நீ போய் ஓட்டிப் பார்க்கத்தான் போகிறாய். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போ, பார்க்கிங்கிலேயே 10, 15-ல் உருட்டி மெல்ல மிதித்துப் பார். கத்தினால் விலையைக் குறைத்துக் கேள். கத்தவில்லையென்றால் என்ன பேட் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, பார்ட் நம்பரை எனக்கு அனுப்பு.