7,900 ரேண்டுக்குக் கீசர் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பகுதிகளில் குடியிருக்கும் நம் மக்கள் இதைப் படித்துவிட்டு, வீட்டில் பழைய கீசர் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூரைக்குள் இருக்கும் 150 லிட்டர் கீசரை மாற்றித் தருவதாகச் சொல்லி என்னிடம் 14,650 ரேண்ட் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய பணத்தில் பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை என்பது பின்னர் வேறொரு பிளம்பர் கூரைக்குள் ஏறிப் பார்த்தபோதுதான் தெரிய வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வழக்குத் தொடுக்கும் எண்ணம் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் என்று எல்லா வேலைக்கும் ஆள் அனுப்பும் இணையதளம் ஒன்று என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பணியாளரின் பெயருக்குப் பக்கத்திலும் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சைக் குறி போட்டிருப்பார்கள்.

ஆடி மாதம், வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த வாரத்தில் எங்கள் பழைய கீசர் ஓட்டை விழுந்தது. எண்பதைத் தாண்டிய அம்மா வீட்டில் இருக்கிறார். வெந்நீர் இல்லாமல் அவரைக் குளிக்க வைக்க முடியாது. மற்ற இடங்களில் 11,000, 12,000 என்று கேட்டபோது அந்தத் தளத்தில் மட்டும் 7,900 ரேண்ட், 'எல்லாம் உட்பட' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் அவர்களை வரச் சொன்னேன்.

வந்தவர் நம் பிள்ளை. வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவாமி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மாவை "ஆயா" என்று கூப்பிட்டு, தன்னுடைய ஆயாவும் இப்படித்தான் முழங்கால் வலியோடு இருக்கிறார் என்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணா, இது என் சொந்த வீடு மாதிரி, நீங்கள் கவலையே படாதீர்கள்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மா அவருக்குத் தேநீரும் வடையும் கொடுத்தார். நம்முடைய பக்தியையும் பாசத்தையும் இவர்கள் ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு அதிகமாக வலிக்கிறது.

பழைய கீசரைக் கழற்றி முற்றத்தில் இறக்கிய பிறகுதான் அவருடைய பேச்சு மாறியது. 7,900 ரேண்ட் என்பது தொட்டிக்கும் அதைப் பொருத்தும் கூலிக்கும் மட்டும்தானாம். அடியில் வைக்கும் தட்டுக்கும் அதன் குழாய்க்கும் 1,450, வாக்குவம் பிரேக்கர் இரண்டுக்கு 900, அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வுக்கு 1,850, பாதுகாப்பு வால்விலிருந்து வெளியே செல்லும் செப்புக் குழாய்க்கு 1,100, வேலை தரவிதிப்படி முடிந்தது என்று தரும் இணக்கச் சான்றிதழுக்கு 650, அவசர வேலைக் கட்டணம் 800 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கூடுதலாக 6,750. மொத்தம் 14,650 ரேண்ட். "இதெல்லாம் சட்டப்படி கட்டாயம் அண்ணா, இல்லையென்றால் நான் போட மாட்டேன்" என்றார். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, பழைய தொட்டியை இறக்கிவிட்டு, வயதான தாய் வீட்டில் இருக்கும்போது அப்படிக் கேட்பவரிடம் யார் என்ன சொல்ல முடியும்? வேலை முடிந்ததும் அவர் கண் முன்னாலேயே வங்கிச் செயலி வழியாக 14,650 ரேண்டையும் உடனடிப் பரிமாற்றமாக அனுப்பினேன். சான்றிதழ் மின்னஞ்சலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது இன்றுவரை வரவில்லை.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் பட்டியலிட்ட பாகங்கள் உண்மையிலேயே தேவையானவைதான். தென்னாப்பிரிக்காவில் மின்சாரக் கீசரைப் பொருத்துவதற்கு சான்ஸ் 10254 என்ற தேசியத் தரவிதி இருக்கிறது. தொட்டியின் விலையை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் கீசர் மாற்றும் செலவு என்று நாம் நினைப்பது இவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. 150 லிட்டர் தண்ணீர் குளிர்ந்த நிலையிலிருந்து அறுபது பாகைக்கு மேல் சூடாகும்போது இரண்டரை லிட்டர் அளவுக்குப் பெருகுகிறது. அந்த அழுத்தம் வெளியேற வழியில்லாவிட்டால் தொட்டி வெடிக்கக்கூடும். அதற்காகத்தான் பாதுகாப்பு வால்வும், அதிலிருந்து வெளிச்சுவருக்கு அப்பால் போய் முடியும் செப்புக் குழாயும். தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனால் தொட்டியில் உள்ள தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, தொட்டியே உள்வாங்கி நசுங்கக்கூடும். டர்பனில் தண்ணீர் எத்தனை முறை நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். அதைத் தடுப்பதற்கு வாக்குவம் பிரேக்கர், குளிர்நீர்ப் பக்கம் ஒன்று, வெந்நீர்ப் பக்கம் ஒன்று. அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு தொட்டி தாங்கும் அழுத்த அளவுக்குப் பொருந்த வேண்டும்; 400 கிலோபாஸ்கல் தொட்டிக்கு 400 வால்வுதான் போட வேண்டும். ஆகவே நேர்மையான ஒருவர் இவை அனைத்தையும் முதல் நாளே விலையில் சேர்த்துச் சொல்லியிருப்பார். மற்றவர்கள் 11,000, 12,000 என்று கேட்டதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

சில வாரங்கள் கழித்து அம்மா படுக்கும் அறையின் சீலிங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் தோன்றி, நாளுக்கு நாள் பெரிதாகி, கடைசியில் பலகை தொய்ந்து கட்டிலின் மேல் தண்ணீர் சொட்டியது. தளத்திலிருந்து யாரும் வராததால் பதிவு பெற்ற வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் விளக்கை அடித்துக் காட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு புதிதல்ல. எங்கள் பழைய வால்வையே துடைத்து மறுபடி மாட்டியிருந்தார்கள். அதன் இணைப்பு முனையில் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது, அதன்மேல் 600 என்று பொறித்திருந்தது. புதிய தொட்டியோ 400. இதனால் பாதுகாப்பு வால்வு ஓயாமல் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்குச் செப்புக் குழாய் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயை வளைத்து அடியில் இருக்கும் தட்டிலேயே விட்டிருந்தார்கள். தட்டிலிருந்து வெளியே போக வேண்டிய குழாய் ஒரு சாண் நீளத்தில் வெட்டப்பட்டு சீலிங் பலகையின் மேல் கிடந்தது. வெளிச்சுவரில் மட்டும் புத்தம் புதிய வெள்ளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே நின்று பார்க்கிற எவருக்கும் வேலை ஒழுங்காக முடிந்ததாகவே தோன்றும். உள்ளே அந்தக் குழாய் எதனோடும் இணைக்கப்படவில்லை. வாக்குவம் பிரேக்கர் இரண்டுக்குப் பணம் வாங்கியவர் ஒன்றுதான் போட்டிருந்தார். இதற்குத்தான் 14,650 ரேண்ட்.

இதற்குப் பிறகு நடந்த அலைக்கழிப்பைச் சொல்லாமல் விட முடியாது. வந்த பையன் முதலில் "நாளைக்கு வருகிறேன் அண்ணா" என்றார். பிறகு வண்டி பழுது என்றார். பிறகு என் அழைப்பையே எடுக்கவில்லை. தளத்தின் வாடிக்கையாளர் சேவையில், "நாங்கள் உங்களையும் பணியாளரையும் அறிமுகப்படுத்துகிறவர்கள் மட்டுமே, வேலைக்குப் பொறுப்பல்ல" என்று கைவிரித்தார்கள். அப்படியானால் அந்தப் பச்சைக் குறி எதற்கு என்று கேட்டேன். அது அடையாள அட்டையைச் சரிபார்த்ததற்கான குறியாம், தொழில் தகுதிக்கானது அல்லவாம். மறுபடி கூப்பிட்டபோது வேறொரு பெண் எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிட்டு, உற்பத்தியாளரின் ஐந்தாண்டு உத்தரவாதத்தைப் பயன்படுத்துங்கள் என்றார். உற்பத்தியாளர் தரப்பில் இணக்கச் சான்றிதழைக் கேட்டார்கள். சான்றிதழைத் தளத்திடம் கேட்டால் பணியாளரிடம் கேளுங்கள் என்கிறார்கள். பணியாளர் போன் எடுப்பதில்லை. வீட்டுக் காப்பீட்டு நிறுவனமும் அதே சான்றிதழ் இல்லை என்ற காரணத்தைக் காட்டி சீலிங் சேதத்துக்கான கோரிக்கையை நிராகரித்துவிட்டது. கடைசியாகத் தளம் அனுப்பிய மின்னஞ்சலில் என் புகார் 'தீர்க்கப்பட்டதாக' முடித்துவைக்கப்பட்டிருந்தது. எதைத் தீர்த்தார்கள்? என் 14,650 ரேண்ட் எங்கே?

கூடுதல் தொகைக்கு நான் சம்மதித்தேன் என்று அவர்கள் வாதாடுவார்கள் என்பது தெரியும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68, பிரிவு 15, பழுதுபார்ப்பு வேலைகளில் முன்கூட்டியே மதிப்பீடு தந்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும், புதிதாக ஒப்புதல் பெறாமல் அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தொட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பது எந்த வகை ஒப்புதல்? அது போகட்டும். போடாத வால்வுக்கும் போடாத செப்புக் குழாய்க்கும் பணம் வாங்கியதற்கு எந்த ஒப்புதலும் மறைப்பாகாது. வேலை தரமாக இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யவோ, விலையில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் பிரிவு 54 நமக்குத் தருகிறது. மின்னஞ்சலில் இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு எழுதினேன். பதிலாக வந்தது, சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் கேட்கும் படிவம்.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தொட்டி கசியத் தொடங்கியதும் முதலில் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பல கட்டடக் காப்பீடுகளில் கீசரும் அடக்கம், நீங்கள் கட்ட வேண்டியது உங்கள் பங்குத் தொகை மட்டும்தான். பிளம்பர் பதிவு வாரியமான பிஐஆர்பியில் அந்த ஆள் பதிவு பெற்றவரா என்று அவர் வருவதற்கு முன்பே சரிபாருங்கள். ஒவ்வொரு பாகமும், 15 சதவீத வாட் வரியும் தனித்தனியாக எழுதப்பட்ட மதிப்பீடு கைக்கு வராமல் பழைய தொட்டியைத் தொடவிடாதீர்கள். கூரைக்குள் எடுத்த படங்களையும் இணக்கச் சான்றிதழையும் பார்த்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். கழற்றிய பாகங்களை அவர்கள் எடுத்துச் செல்ல விடாதீர்கள். யார் விளக்கைக் கும்பிட்டாலும் சரி.

14,650 ரேண்டையும் திருப்பித் தரும்படி பதினான்கு நாள் கெடு வைத்து தளத்துக்கும் அந்தப் பணியாளருக்கும் கோரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டேன். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை வழக்கறிஞர் இல்லாமலேயே வழக்காடலாம். இரண்டாவது பிளம்பர் தந்த எழுத்துமூல அறிக்கையையும், பச்சைக் களிம்பு படிந்த அந்த வால்வையும் எடுத்துவைத்திருக்கிறேன். இதே தளத்தில் கீசர் மாற்றி ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். உங்கள் பில்லும் படங்களும் என் வழக்குக்கு உதவும், என்னுடையவை உங்களுக்கு உதவும்.